தாமஸ், ஜான், பீட்டர், மரிய சூசை

உலகப் போரில் செத்துப்போன பதினான்கு வெள்ளைக்காரர்களை ஒரே காலையில் புனிதர்களாக்கிய பாவம் என்னுடையது. அதில் பதின்மூன்று பேர் கத்தோலிக்கரே இல்லை. ஒருவரைப் பற்றிச் சந்தேகம் இருக்கிறது. ரோமாபுரியில் ஒரு ஆளைப் புனிதராக்க நூறு வருஷம்கூட எடுத்துக்கொள்வார்களாம். நான் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துப் பத்து நிமிஷத்தில் காரியத்தை முடித்தேன். இதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன். ஊரார் முகத்தில் விழிக்கப் பயந்து இரண்டு வாரம் சுற்றுவழியில் நடந்துபோய் பஸ் பிடித்திருக்கிறேன். ஆனால் வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. இன்றைக்குக் கூப்பிட்டாலும் அதே மைக்கில் அதே சொல்லைச் சொல்வேன்.

சுனாமி வந்துபோய் இரண்டரை வருஷம் ஆகியிருந்த நேரம். எனக்கு இருபத்துநான்கு வயது. எம்.ஏ. ஆங்கிலம். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக்கடையின் மாடியில், வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு முப்பது நாளில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். (முப்பத்தோராம் நாள் அவர்கள் துபாயில் இறங்கி மலையாளம் பேசிப் பிழைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.) எங்கள் கடற்கரை ஊரில் எம்.ஏ. படித்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைப்பு வேறு. உண்மையில் ஆறு பேர் இருந்தார்கள். மற்ற ஐந்து பேருக்கும் நல்ல வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால் மிச்சம் நான்.

உலகப் போரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்ததுதான். காரணங்கள், விளைவுகள், ஐந்து மதிப்பெண். ஊரில் அந்தப் போருக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. 'கப்பல் ஒதுங்குன வருஷம்' என்பார்கள், அவ்வளவுதான். எங்கள் கடலுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த ஒரு இங்கிலீஷ் சரக்குக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அடித்துவிட்டது. விடியும்போது கடலில் தீ எரிவதைப் பார்த்து எங்கள் ஆட்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் அம்மாவின் அப்பா மரிய சூசை முதல் தடவை போய் நான்கு பேரை உயிரோடு கொண்டுவந்து கரையில் சேர்த்தார். இரண்டாம் தடவை போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த நாட்களில் பதினான்கு வெள்ளைக்காரர்களின் உடல்கள் ஒதுங்கின. எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் அடக்கம் செய்தார்கள். மரிய சூசையின் உடல் ஒதுங்கவே இல்லை. அம்மா அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

உடல்களோடு வேறு பலதும் ஒதுங்கின. டின் டின்னாக வெண்ணெய், பலகை, கயிறு. ஒரு குடும்பத்துக்கு இன்றைக்கும் 'டின்னு வீடு' என்றுதான் பெயர். என் பக்கத்துவீட்டு ரோணிக்கம் அத்தையின் கோழிக்கூட்டுக் கதவு அந்தக் கப்பலின் கதவு. அதில் 'அதிகாரிகளுக்கு மட்டும்' என்று இங்கிலீஷில் பொறித்திருக்கும். கோழிகள் அதை மதித்ததில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பதினான்கு பேரின் நினைவாக ஒரு பித்தளைத் தகடு பதிக்க இங்கிலாந்திலிருந்து ஒருவர் வருகிறார், கூடவே ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மாவும் வருகிறார், இரண்டு நாள் மொழிபெயர்க்க வேண்டும் என்றார். நான் சம்பளம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு கெட்டுப்போயிருக்க மாட்டேன். கௌரவத்துக்குச் செய்யப்போனதுதான் வினை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வெள்ளைக்காரர் வந்தால் மூன்றே கேள்விதான். படகா, வீடா, தையல் மெஷினா? இவர்கள் மூன்றும் இல்லை என்று தெரிந்ததும் புது வதந்தி கிளம்பியது. கப்பல் சாமானைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார்களாம். ரோணிக்கம் அத்தை கோழிக்கூட்டுக் கதவின்மேல் சாக்கைத் தொங்கவிட்டாள். டின்னு வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு திருவட்டாறில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். (அறுபது வருஷத்துக்கு முன்னால் தின்ற வெண்ணெயை எப்படிப் பறிமுதல் செய்வார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.)

வந்தவர் பெயர் ஹட்சன். எழுபது வயது, நல்ல உயரம், அந்த வெயிலிலும் கோட்டு. பதினான்கு பேரில் முதல் பெயரான தாமஸ் அவருடைய தாய்மாமா. அவருக்குப் போர் என்பது கோட்டில் குத்திய சிவப்புக் காகிதப் பூ, இரண்டு நிமிஷ மௌனம், நேராக நின்று பெயர்களை வாசிப்பது. எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. அழுகைக்குக்கூட நேரம் குறித்து வைத்திருப்பார் போல.

ஜெர்மன் அம்மா பெயர் ஊர்சுலா. அவருடைய அப்பா அந்த நீர்மூழ்கியில் இருந்தவர். வீட்டில் யாரும் போரைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்களாம், அப்பா செத்த பிறகு பெட்டியில் இருந்த காகிதங்களைப் பார்த்துத்தான் தெரியவந்ததாம். ஹட்சனுக்குக் கடிதம் எழுதி, தானும் கூட வருவதாகக் கேட்டு வந்திருந்தார். அவருடைய வழி மன்னிப்பு. பங்குச்சாமியிடம் மன்னிப்புக் கேட்டார், கல்லறைகளிடம் கேட்டார், இளநீர் வெட்டிக்கொடுத்தவனிடம் கேட்டார். குறுக்கே வந்த ஆட்டிடம் கேட்டதையும் நான் மொழிபெயர்த்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் தகட்டில் இருந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அஞ்சுகிராமம் சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்து, மீன் சுமக்கிற கடவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெருமையாக வாசித்துக் காட்டினேன். பதினான்கு பெயரையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டாள்.

"எனக்க அப்பன் பேரு எங்கெலே?"

"அது கப்பல்காரங்க பேரும்மா."

"பின்னே கீழ என்னமோ வாசிச்சியே?"

"'உள்ளூர் மக்களின் அன்புக்கு நன்றி'ன்னு இருக்கு."

அம்மா கடவத்தைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்க அப்பனுக்குப் பேரு உள்ளூர் மக்கள் இல்ல. மரிய சூசை. அந்த வெள்ளக்காரன்ட்டச் சொல்லு. நாளைக்கு வாசிக்கயில அந்தப் பேரையும் வாசிக்கணும்."

"சரிம்மா" என்றேன்.

சொல்லவில்லை. சொல்வதற்கு அன்றைய சாயங்காலம் முழுக்க இருந்தது, ஹட்சன் என் பக்கத்திலேயே நின்றார், நான் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் யார் வெள்ளைக்காரரிடம் பேசினாலும் ஏதோ கேட்கத்தான் போகிறான் என்று ஒரு பேச்சு வந்திருந்தது. மொழிபெயர்க்க வந்தவனின் அம்மாவும் கையை நீட்டுகிறாள் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டால்? முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறவனின் மானம் என்ன ஆகும்? அப்படியொரு மானம் எனக்கு இருந்தது. செருப்புக்கடை மாடியளவு உயரம்.

மறுநாள் காலை அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு கேட்டாள். "சொன்னியா?"

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னாரு?"

"பாப்பம்னாரு."

அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அறுபது வயதைத் தாண்டியவள், அப்பா பெயரை மைக்கில் கேட்கப்போகிறோம் என்று தலையில் பூ வைத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஏலே, உனக்கு அப்போதாவது உறைத்ததா என்று என்னை நானே கேட்டால், இல்லை. எனக்கு அப்போது பெரிய கவலை வேறு.

ஹட்சன் 'ரோல் ஆஃப் ஆனர்' வாசிக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வருகைப் பதிவு' என்றால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கும். 'பெயர்ப் பட்டியல்' என்று சொல்லவே முடியாது. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் பட்டியல் என்றால் படகுப் பட்டியல்தான், கல்லறையென்றும் பார்க்காமல் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு முண்டியடிப்பார்கள். யோசித்து யோசித்து, எம்.ஏ. படித்த மூளை ஒரு சொல்லைக் கண்டுபிடித்தது. மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்போது மரித்தவர்களின் நாம மாலை வாசிக்கப்படும்" என்றேன்.

மாலை. கத்தோலிக்கக் கடற்கரையில், கல்லறைத் தோட்டத்தில், பெரிய சிலுவைக்கு முன்னால், அங்கி போட்ட சாமியார் பக்கத்தில் நிற்க, மைக்கில் மாலை என்றால் ஒன்றே ஒன்றுதான். மன்றாட்டுமாலை. ஒருவர் புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, சபை பதில் சொல்லும். எங்கள் ஜனம் நானூறு ஐந்நூறு வருஷமாகப் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதும், கடலில் ஆள் காணாமல் போகும்போதும் சொல்லிச்சொல்லி வாயில் ஏறிப்போனது. நான் அடுத்துச் சொன்ன வாக்கியம், "ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் நாம் எல்லோரும் பக்தியோடு மௌனமாக இருப்போம்." 'பக்தியோடு' வரைக்கும் எல்லோருக்கும் கேட்டது. அதற்குமேல் மைக் செட் ஊளையிட்டது.

ஹட்சன் நிமிர்ந்து நின்று முதல் பெயரை வாசித்தார். "தாமஸ் ஆல்பர்ட் வெப்." பிறகு தலையைக் குனிந்து இடைவெளி விட்டார். மன்றாட்டுமாலையில் விடுகிற அதே இடைவெளி, ஒரு மூச்சு கூடவும் இல்லை குறையவும் இல்லை.

ரோணிக்கம் அத்தைதான் எங்கள் கோயிலில் மன்றாட்டுமாலைக்கு முதல் குரல். தாமஸ் என்றால் தோமையார் என்று அவளுக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு உரக்க எடுத்தாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

ஹட்சன் திடுக்கிட்டார். நான் அத்தையைப் பார்த்துக் கையைக் காட்டினேன். இன்னும் சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"ஜான் எட்வர்ட் பிரைஸ்."

இப்போது முன்னூறு பேர். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"பீட்டர்..." அவருடைய குடும்பப் பெயரை யாரும் கேட்கவே இல்லை. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

இங்கிலீஷ்காரன் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் லட்சணம் அது. தாமஸ், ஜான், பீட்டர், ஜேம்ஸ், ஆண்ட்ரூ என்று அப்போஸ்தலர்களையே கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். எட்டாவது பெயர் ரெஜினால்ட். அப்படியொரு புனிதரை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அதற்குள் ராகம் பிடித்துவிட்டதால் ரெஜினால்டும் தப்பவில்லை.

நடுவில் ஹட்சன் குனிந்து என் காதில் கேட்டார், இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று. "அஞ்சலி செலுத்துகிறார்கள், இது எங்கள் வழக்கம்" என்று இங்கிலீஷில் அளந்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் நிறுத்தி, இன்னும் இழுத்து, ஏறக்குறைய பாடவே ஆரம்பித்துவிட்டார். சாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர்சுலா அம்மா விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார்.

பதினான்கும் முடிந்தது. தகட்டின் கடைசி வரியை ஹட்சன் வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். "உள்ளூர் மக்களின் அன்புக்கு நன்றி."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அதற்கும் பாதிப் பேர் சொன்னார்கள். தங்களுக்காகத் தங்களிடமே வேண்டிக்கொண்ட ஒரே சபை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

முதல் வரிசையில் அம்மா எழுந்து நின்றாள். சந்தையில் மீன் கூவிய தொண்டைக்கு மைக் எதற்கு?

"மரிய சூசை!"

அப்புறம் அவளே ஒரு இடைவெளி விட்டாள். அந்தப் பெயரைத் தெரியாத கிழவன் கிழவி எங்கள் ஊரில் கிடையாது. ரோணிக்கம் அத்தை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், மற்றவர்களும் சொன்னார்கள், முந்தின பதினான்குக்கும் சேர்த்துச் சொன்ன சத்தத்தைவிட அது பெரிது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

யார் அந்த அம்மா, என்ன பெயர் அது என்று ஹட்சன் கேட்டார். என் அம்மா என்றேன். மைக் என் கையில் இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை. ஊர் முழுக்கக் கேட்க, மரிய சூசை யாரென்று இங்கிலீஷில் சொன்னேன். நான்கு பேரைக் கொண்டுவந்தது, இரண்டாம் தடவை போனது. ஹட்சனின் முகம் மாறிவிட்டது. "இதை ஏன் நீங்கள் எனக்கு முன்பே சொல்லவில்லை?" என்றார்.

இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு அந்தக் கேள்வி எப்படியோ புரிந்துவிட்டது. "காலம்பற கேட்டதுக்குச் சொல்லியாச்சுன்னியேலே?" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னாள். "இவனுக்கு நாணக்கேடு. எனக்க அப்பன் பேரைச் சொல்ல இவனுக்கு நாணக்கேடு."

முன்னூறு பேர் முன்னால், கல்லறைகளுக்கு முன்னால், இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால். குழி தோண்டியிருந்தால் பதினைந்தாவதாக நானே இறங்கியிருப்பேன்.

ஊர்சுலா அம்மா ஓடிவந்து என் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அம்மா அவர் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "நீங்க அழாதீங்க, நீங்களா குண்டு போட்டீங்க? எனக்கு மன்னிப்பு வேண்டாம். பேரு எழுதுனா போதும்."

இதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஹட்சன் மிகவும் மரியாதையாக, கப்பல் ஆவணத்தில் உள்ள பெயர்களை மட்டுமே தகட்டில் போட அனுமதி உண்டு, தன்னிஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது, ஊருக்குப் போய்க் கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

"அவுங்க ரிக்கார்டுல இல்லேன்னா கடல்லயும் இல்லியா?" என்றாள் அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன்.

விருந்தாளிகள் சாமியின் அறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அங்கே எனக்கு விழுந்த திட்டு மீன் குழம்பைவிட காரம். "ஏலே, செத்தவங்களுக்காக நாமதான் வேண்டணும், அவங்ககிட்டப் போய் வேண்டச் சொல்லியிருக்கியே? பதினாலு பேரு! அதுல ஒருத்தன் வேதக்காரனே இல்லன்னா மேல நான் என்ன பதில் சொல்ல?" என்றார் சாமி. அந்த நேரத்தில் அம்மா, வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டு நாங்கள் வந்து பார்த்தபோது, பித்தளைத் தகட்டுக்குக் கீழே, சுனாமிக்குப் பிறகு கட்டிய புதுச்சுவரில், வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ட்டில், பதினான்கு பெயரையும் சேர்த்தாலும் எட்டாத அளவில் 'மரிய சூசை' என்று இருந்தது. ஊர்சுலா அம்மா ஈரப் பெயின்ட்டைத் தொட்டுவிட்டு அதற்கும் மன்னிப்புக் கேட்டார். ஹட்சன் ஒரு போட்டோ எடுத்தார்.

அம்மா என்னோடு பதினேழு நாள் பேசவில்லை. ஊர் பேசியது. நான் பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டிலிருந்து யாராவது என் பெயரைச் சொல்வான், மொத்த பஸ்ஸும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லும். இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குக் கோயிலில் அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு, இன்னார் மகன் இன்னாருக்கும் என்று சாமி தொடங்கியதுமே பெண்கள் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மூன்றாவது ஞாயிறு சாமியும் சிரித்துவிட்டார்.

கமிட்டி கூட நான்கு வருஷம் ஆயிற்று. ஹட்சனிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஊர் ஆலயத்தில் ஒரு நினைவுப் புத்தகம் இருக்கிறதாம், அதில் மரிய சூசையின் பெயரையும் எழுத ஒப்புக்கொண்டார்களாம், சரியான ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தெரிவிக்க வேண்டுமாம்.

வீட்டில் சண்டை அன்றைக்குத்தான் தொடங்கியது. தாத்தாவின் பெயரைப் பேரன்களில் பலருக்கும் சேர்த்து வைத்திருந்தார்கள். மஸ்கட்டில் இருக்கிற பெரியம்மா மகன் பாஸ்போர்ட்டில் 'எஸ்'ஸுக்குப் பிறகு இரண்டு 'ஓ'. என் அண்ணனுடைய சான்றிதழில் 'யு'. கோயில் பழைய பதிவேட்டில் யாரோ ஒரு சாமி 'சி' போட்டு 'ஒய்'யில் முடித்திருக்கிறார். ஆளுக்கொரு தாளில் எழுதி அடித்துக்கொண்டிருந்தபோது, எம்.ஏ. ஆங்கிலம் மறுபடியும் வாயைத் திறந்தது. "சூசைன்னா இங்கிலீஷ்ல ஜோசப்தான். ஜோசப்புன்னு எழுதினா வெள்ளைக்காரனுக்குப் புரியும்" என்றேன்.

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஜோசப்புன்னு கூப்பிட்டா அவரு திரும்பிப் பாப்பாரா?"

ஆளுக்கொரு தாளை மடித்து வைத்தோம்.

"தமிழ்ல எழுதச் சொல்லு" என்றாள்.

மூன்றாம் வகுப்புப் படித்த கையால், ஒரு முழுத்தாளை அடைத்து, அவளே எழுதிக்கொடுத்தாள். அப்படியே பார்த்து வரைந்துகொள்ளும்படி ஒரு வரி இங்கிலீஷில் சேர்த்து அனுப்பினேன். பதில் வரவில்லை. வரைந்தார்களோ என்னவோ. அம்மாவுக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை. இங்கிலாந்தில் தன் அப்பா பெயர் தமிழில் இருப்பதாக அஞ்சுகிராமம் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் இங்கிலீஷில் எதை நிரப்ப உட்கார்ந்தாலும் இந்த வசனம் வந்துவிடும். போன மாதம் என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் படிவம் வாங்கிவந்தேன். தந்தை பெயர், ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் என்று இருந்தது. பேனா மூடியைக் கழற்றியதுதான் தாமதம், அடுக்களையிலிருந்து அம்மா, மனைவி, மகள் மூன்று பேரும் ஒரே குரலில், "தமிழ்ல எழுதச் சொல்லு!"

தமிழில்தான் எழுதினேன். படிவம் திரும்பி வந்தது. மறுபடியும் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.